வண்டி நம்பர் 0000: புதிதாகப் பிராடக்ட் ஓனர் ஆகிறவர்களுக்கு

பெங்களூரில் பிசினஸ் அனலிஸ்டாகவோ டெஸ்டராகவோ நாலைந்து வருடம் இருந்தவர்களைத் திடீரென்று ஒரு நாள் "இனி நீங்கதான் பிராடக்ட் ஓனர்" (டீம் எதை முதலில் செய்ய வேண்டும் என்று முடிவு செய்பவர்) என்று உட்கார வைத்துவிடுகிறார்கள். இரண்டு நாள் பயிற்சி, ஒரு சர்டிபிகேட், அவ்வளவுதான். எனக்கும் அப்படித்தான் நடந்தது. அதனால்தான் சொல்கிறேன், மேலே கேட்பதை வாங்கி டீமிடம் கொடுப்பதுதான் இந்த வேலை என்று தயவுசெய்து நினைத்துவிடாதீர்கள்.

ஒன்றரை வருடம் நான் அதைத்தான் செய்தேன். லாரி பார்சல் புக்கிங் ஆபீஸ்களுக்கான ஆப். சேல்ஸ் கேட்டதை எழுதுவேன், ஆபரேஷன்ஸ் கேட்டதை எழுதுவேன், எல்லாவற்றுக்கும் 'ஹை பிரயாரிட்டி' போடுவேன். பேக்லாக்கில், அதாவது செய்ய வேண்டியவற்றின் பட்டியலில், முந்நூறு ஸ்டோரி (ஒவ்வொன்றும் ஒரு தேவையைச் சொல்லும் சிறு குறிப்பு) சேர்ந்துவிட்டது. எந்த லாரியில் எவ்வளவு சரக்கு போகிறது என்று காட்டும் ரிப்போர்ட் வேண்டும் என்றார்கள். ஸ்பிரிண்ட் என்கிற இரண்டு வார வேலைச் சுற்று மூன்று அதற்கே போனது. டெமோவில் எல்லோருக்கும் திருப்தி. ஆனால் கணக்கு இடித்தது. ஒரே வண்டி, ஒரே நாளில் ஆறு ஊருக்குப் போயிருந்தது.

காரணம் புரியாமல் ஒரு சாயங்காலம் லாரி ஆபீஸ்கள் இருக்கும் கலாசிபாளையத்துக்கே போய் ஒரு புக்கிங் கவுண்டர் பக்கத்தில் நின்றேன். கவுண்டரில் இருந்தவர் தர்மபுரிக்காரர். வலது கையில் மார்க்கர், சாக்கு மூட்டையில் எல்.ஆர். (லாரி ரசீது) எண்ணை எழுதிக்கொண்டே, இடது கைக் கட்டைவிரலால் போனைப் பார்க்காமலே நாலு முறை பூஜ்யம் தட்டினார். அது என்னண்ணா என்று கேட்டேன்.

"ஏம்மா, எந்த வண்டின்னு ராத்திரி லோடு ஏத்தும்போதுதானே தெரியும்? இது இப்பவே கேட்டா நான் என்னத்தை அடிக்கறது?"

வண்டி எண்ணைக் கட்டாயமாக்கச் சொல்லி ஸ்டோரி எழுதியது நான். ₹50,000க்கு மேல் மதிப்புள்ள சரக்குக்குப் போடும் ஈ-வே பில்லில்கூட சரக்கு விவரம் பகுதி ஏ, வண்டி எண் பகுதி பி என்று தனித்தனியாகத்தான் இருக்கிறது. அதைத் தினமும் பார்த்தும் எங்கள் ஆப்போடு பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. ஆறு வாரம் செலவழித்த ரிப்போர்ட் நின்றது அந்த 0000 மேல். பிறகு வண்டி எண்ணை லோடிங் நேரத்துக்குத் தள்ளி வைத்தபோது, அதற்கு டெவலப்பர்களுக்கு நாலு நாள்தான் ஆனது.

இந்த ஸ்பிரிண்ட் முறைக்கான 2020 ஸ்க்ரம் கையேடு, பிராடக்ட் ஓனர் என்பவர் ஒரே ஆள், கமிட்டி கிடையாது, அவர் முடிவை நிறுவனம் முழுவதும் மதிக்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது; ஸ்பிரிண்டை ரத்து செய்யும் அதிகாரமும் அவருக்கு மட்டும்தான். சரி, கையேட்டில் இருப்பதால் யாரும் மதித்துவிடப் போவதில்லை. அந்தக் கவுண்டரில் நின்ற ஒரு மணி நேரம்தான் எனக்குப் பேச வாய் கொடுத்தது. அடுத்த மாதமே ஸ்பிரிண்ட் நடுவில் வாட்ஸ்அப் மெசேஜ் வசதி வேண்டும் என்று சேல்ஸிலிருந்து வந்தார்கள். முடியாது என்று நான் சொல்லவில்லை. "இதை எடுத்தால் வண்டி எண் போடும் லோடிங் திரை இரண்டு வாரம் தள்ளிப்போகும், அதுவரை ரிப்போர்ட்டில் 0000தான் வரும், எது முதலில் வேண்டும்?" என்று கேட்டேன். அவர்களே காத்திருக்கிறோம் என்றார்கள்.

பேக்லாக்கில் ஆறு மாதமாக யாரும் தொடாதவற்றையும் அழித்துவிட்டேன். ரொம்பப் பயந்துதான் செய்தேன், ஆனால் யாரோ தேடி வந்து மறுபடி கேட்டவை ஏழெட்டுக்கு மேல் இல்லை.

இப்போது ஒவ்வொரு ஸ்பிரிண்டிலும் ஒரு சாயங்காலம் டெவலப்பர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு அங்கே போகிறேன். போன முறை வந்தவர், திரும்பி கே.ஆர். மார்க்கெட் மெட்ரோவுக்கு நடக்கும்போதே, எல்.ஆர். எண்ணைப் பெரிய எழுத்தில் காட்டினால் அண்ணன் மூட்டையில் பார்த்து எழுத வசதியாக இருக்குமே என்றார். யாரும் கேட்காத ஸ்டோரி அது. அடுத்த ஸ்பிரிண்டில் அதைத்தான் முதலில் வைத்திருக்கிறேன்.