கரிமநீக்கம்: டீகார்பனைசேஷனுக்குத் தமிழ்

பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி இழுக்காமல் போனால், வேலூர் மெக்கானிக் சைலன்சரைக் கழற்றி, உள்ளே அடைத்த கரியைச் சுரண்டி எடுப்பார். ஆங்கிலத்தில் பருவநிலைப் பேச்சு கிளம்புவதற்கு வெகுகாலம் முன்பே இந்த வேலைக்கு டீகார்பனைஸ் என்று பெயர் இருந்தது.

லத்தீனில் 'கார்போ' என்றால் கரி. 1787-ல் பிரான்சில் வேதியியலாளர் லவாய்சியேயும் கூட்டாளிகளும் வேதிப்பொருள்களுக்குப் புதுப்பெயர் வகுத்தபோது அதிலிருந்து 'கார்போன்' வந்தது. தமிழும் அதே தடத்தில்தான் போயிருக்கிறது: கரி, கரிமம், கரியமில வாயு. ஆகவே கரிமநீக்கம். கார்பன் நீக்கம் என்றாலும் தவறில்லை. ஆனால் கரிமநீக்கம் என்னும்போது நிலக்கரியும் கரியமில வாயுவும் ஒரே குடும்பம் என்பது காதிலேயே விழுகிறது. என் ஓட்டு அதற்குத்தான்.

பருவநிலைப் பேச்சில் இந்தச் சொல் அதிகம் அடிபடுவது மின்சாரத்தை ஒட்டி. மின்சாரத்தில் கரி ஏது? நிலக்கரியும் எரிவாயுவும் எரித்து மின்சாரம் எடுக்கையில் வெளியேறும் கரியமில வாயுவைப் படிப்படியாக இல்லாமல் செய்வதையே இங்கே நீக்கம் என்கிறோம். சூரிய ஒளி, காற்று, நீர், அணு ஆகியவற்றுக்கு மாறுவது அதற்கு வழி.

புகைநீக்கம் வேறு, இது வேறு. நம் ராணிப்பேட்டை பெல் ஆலையில் அனல்மின் நிலையங்களுக்கான சாம்பல் பிடிக்கும் கருவிகள் தயாராகின்றன. பெரிய பெட்டிக்குள் தொங்கும் தகடுகளுக்கு நடுவே புகை போகும்போது, மின்னூட்டம் பெற்ற சாம்பல் தூள் தகட்டில் ஒட்டிக்கொள்ளும். தட்டினால் கீழே கொட்டும். ஊர்க்காற்றைக் காக்கும் அருமையான வேலை அது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத கரியமில வாயு அந்தத் தகடுகளைத் தாண்டி வானத்துக்குப் போய்விடும். வெள்ளைப் புகையைக் காட்டி 'கரிமம் நீங்கிவிட்டது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மின்சாரத்தின் கரிமநீக்கத்தை உலக நாடுகள் சேர்ந்து செய்ய 2021-ல் கிளாஸ்கோ மாநாட்டில் ஓர் உடன்பாடு வந்தது. 2030-க்குள் தூய மின்சாரமே எல்லா நாடுகளுக்கும் மலிவானதாகவும் நம்பகமானதாகவும் ஆகவேண்டும் என்பது இலக்கு. இந்தியாவும் இதில் சேர்ந்தது. நாடுகளின் கூட்டுழைப்பு எங்கே நகர்கிறது, எங்கே நிற்கிறது என்று பன்னாட்டு எரிசக்தி முகமை உள்ளிட்ட அமைப்புகள் 2022 முதல் அறிக்கை தருகின்றன. 2023 துபாய் மாநாட்டில், 2030-க்குள் உலகின் புதுப்பிக்கத்தக்க மின்திறனை மூன்று மடங்காக்க அழைப்பு விடுக்கப்பட்டது.

கண்காணிப்பில் இடறும் இடம் ஒன்று உண்டு. நிறுவுதிறன் என்பது எவ்வளவு உற்பத்தி செய்ய முடியும் என்பது. உற்பத்தி என்பது உண்மையில் எவ்வளவு வந்தது என்பது. 2025-ல் இந்தியாவின் நிறுவுதிறனில் பாதி, நிலக்கரி, எரிவாயு போன்ற புதைபடிவ எரிபொருளைச் சாராததாகிவிட்டது. பெரிய சாதனைதான். ஆனாலும் உற்பத்தியில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரிதான். சூரியத் தகடு ராத்திரியில் சும்மாதானே இருக்கும்?

அதனால் பார்க்கவேண்டிய அளவு கரிமச்செறிவு: ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எத்தனை கிலோ கரியமில வாயு என்ற கணக்கு. இந்திய மின்கட்டமைப்பின் சராசரி 0.7 கிலோவுக்குச் சற்று மேல். காட்பாடியில் ஒரு வீட்டின் இ.பி. அட்டையில் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் எழுதியிருந்தால், அதன் பின்னால் 210 கிலோவுக்கு மேல் வாயு இருக்கிறது. அந்த 0.7 ஆண்டுதோறும் இறங்குகிறதா என்று பாருங்கள். கரிமநீக்கம் நடக்கிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.