போன வாரம் எத்தனை முட்டை வாங்கினீர்கள்?

"சர்வே எடுக்க ஒரு பெண் வந்தார். எண்ணெய் எவ்வளவு, முட்டை எத்தனை, சோப்பு எத்தனை என்று கேட்டுக்கொண்டே போனார். பாதிக்கு மேல் குத்துமதிப்பாகத்தான் சொன்னேன். இதை வைத்தா நாட்டில் எத்தனை ஏழைகள் என்று கணக்குப் போடுகிறார்கள்?" திருச்சியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்.

ஆமாம், இதை வைத்துத்தான். 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்புக்காக நாடு முழுக்க 2,61,746 வீடுகளில் இப்படிக் கேட்டார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது எல்லாச் சோறும் ஒன்றாக வெந்தால் சரி. ஊர்கள் அப்படி வேகாது. அதனால் கிராமம், நகரம் என்று பிரித்து, அப்புறம் குலுக்கல் முறையில் வீடுகளை எடுக்கிறார்கள். நீங்கள் அரை லிட்டர் கூட்டிச் சொன்னால் வேறொருவர் குறைத்துச் சொல்வார்; லட்சக்கணக்கான வீடுகளில் அது சரிக்குச் சரியாகிவிடும். ஆனால் எல்லோரும் ஒரே பக்கமாகத் தவறினால்? கோடி வீட்டைக் கேட்டாலும் பிரயோஜனமில்லை.

அப்படி எல்லோரையும் ஒரே பக்கம் சாய்க்கும் விஷயம் ஒன்று உண்டு: எத்தனை நாளைய கணக்கைக் கேட்கிறோம் என்பது.

"போன 30 நாளில் கீரைக்கு எவ்வளவு செலவானது?" என்று கேட்டால், தெருவில் கூவி விற்றவரிடம் வாங்கிய இரண்டு கட்டு நினைவுக்கே வராது. கணக்கு குறையும். சரி, ஏழு நாள் என்று சுருக்கினால்? அங்கே வேறு வம்பு. ஒன்பது நாளுக்கு முன்னால் வாங்கிய மீன், குழம்பு நன்றாக வந்த காரணத்தாலேயே, "போன வாரம்தானே" என்று உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். தொலைநோக்கியில் பார்ப்பதுபோல, தூரத்தில் இருந்தது கிட்டே வந்துவிடுகிறது. கணக்கு கூடும்.

இந்தியப் புள்ளியியலின் முன்னோடி மகலனோபிஸ் காலத்திலேயே இது தெரியும். 1950களின் தொடக்கத்தில் வங்காளக் கிராமங்களில் சமைக்கும் அரிசியை எடைபோட்டு, வாய்க்கணக்கோடு ஒப்பிட்டார்கள். 30 நாள் பதில்தான் தராசுக்கு நெருக்கமாக வந்தது. அதன்பின் பல பத்தாண்டுகள் எல்லாவற்றுக்கும் 30 நாள்தான்.

1994 முதல் 1998 வரை ஒரு சோதனை நடந்தது. பாதி வீடுகளில் பழையபடி 30 நாள். மீதிப் பாதியில் உணவுக்கு 7 நாள், துணிமணி போன்றவற்றுக்கு 365 நாள். ஒரே நாடு, ஒரே ஆண்டு, ஒரே மாதிரி வீடுகள். ஆனால் 7 நாள் கேள்விக்கு உணவுச் செலவு சுமார் 30 சதவீதம் கூடுதலாக வந்தது. ஒரு கோட்டுக்குக் கீழே செலவழிப்பவரைத்தான் ஏழை என்று கணக்கெடுப்பதால், ஏழைகள் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியானது! யாருக்கும் ஒரு ரூபாய் கூலி கூடவில்லை, கேள்வி மட்டும்தான் மாறியது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த 365 நாள் கேள்விதான். அது சராசரித் துணிச் செலவைக் குறைக்கிறது. ஆண்டு முழுவதையும் யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? ஆனால் அடித்தட்டில் உள்ளவர்களின் செலவை அது ஏற்றுகிறது. பண்டிகைக்கு மட்டும் புதுத்துணி எடுக்கும் வீட்டில் 30 நாள் கணக்கு கேட்டால் பெரும்பாலும் பூஜ்யம்தான் வரும். ஓராண்டு என்று கேட்டால் அந்தத் தீபாவளிச் சேலை கணக்கில் ஏறிவிடும்.

1999-2000 கணக்கெடுப்புச் சுற்றில்தான் கூத்து. உணவுக்கு 7 நாள், 30 நாள் இரண்டையும் ஒரே படிவத்தில் அருகருகே போட்டு, ஒரே ஆளிடம் கேட்டார்கள். வாரத்துக்கு ஒரு டஜன் முட்டை என்று சொன்ன வாய், மாதத்துக்கு இரண்டு டஜன் என்று சொல்லுமா? மனசுக்குள் பெருக்கிப் பார்த்துத்தானே சொல்லும். ஒரு பதில் இன்னொன்றைத் தொற்றிக்கொண்டது. 1993-94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26 ஆக இறங்கியதாக அறிவிப்பு வந்தது. பெரிய சண்டை வெடித்தது.

பின்னாளில் நோபல் பெற்ற பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டன் இதற்கு ஒரு வழி கண்டார். விறகு, மண்ணெண்ணெய், மின்சாரம் போன்ற சிலவற்றை எல்லாச் சுற்றிலும் 30 நாளுக்கே கேட்டிருந்தார்கள். அந்தப் பதில்களில் தொற்று இல்லை. அவற்றுக்கு இவ்வளவு செலவழிக்கும் வீடு ஏழையாக இருக்க எத்தனை வாய்ப்பு என்று பழைய சுற்றிலிருந்து தெரிந்துகொண்டு, புதிய சுற்றுக்குப் பொருத்தினார். கிராமப்புறத்துக்கு மட்டும் பார்த்தால், வறுமை அறிவித்தபடி 27 அல்ல, 30 சதவீதம் என்று வந்தது. வறுமை குறைந்தது உண்மை, சொன்ன அளவுக்கு இல்லை.

இப்போது அரிசி, பருப்புக்கு 30 நாள், முட்டை, மீன், காய்கறிக்கு 7 நாள், துணிமணிக்கு 365. 2022-23 முதல் ஒரே வீட்டுக்கு மூன்று தடவை போகிறார்கள். நல்ல மாற்றம்தான், ஆனால் பழைய சுற்றுகளோடு நேராக ஒப்பிட முடியாது. நடுவில் 2017-18இல் எடுத்த கணக்கெடுப்பை, தரம் சரியில்லை என்று அரசு வெளியிடவே இல்லை. குறையோடாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்பது என் கட்சி. குறையுள்ள தரவைச் செப்பனிட டீட்டன் போன்றவர்கள் இருக்கிறார்கள், பெட்டியில் பூட்டியதை யார் செப்பனிடுவது?

திருச்சி வாசகிக்கு: சர்வே எடுக்கும் பெண் திரும்ப வந்தால் மளிகை நோட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் வெளியே குடிக்கும் டீ, வடைக் கணக்கை அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். அது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.