வீட்டுக்குக் கதவு வரையாத பையன்: ஆர்ட் தெரபி பற்றிய சில தவறான எண்ணங்கள்

இரவு பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. எட்டு வயதுப் பையன் வரைந்தது. கறுப்பு கிரேயானில் ஒரு வீடு. கதவே இல்லை. கூடவே அம்மாவின் குரல்: "மேடம், கதவு இல்லாம வரைஞ்சா மனசை மூடி வெச்சிருக்கான்னு அர்த்தமாம், நெட்ல போட்டிருக்கு. கறுப்புன்னா டிப்ரஷனாம். நாளைக்கே கூட்டிட்டு வரட்டுமா?"

வந்தார்கள். பையனிடம் ஒன்றுதான் கேட்டேன்: "இந்த வீட்டைப் பத்திச் சொல்றியா?" "தாத்தா வீடு ஆன்ட்டி. பின்பக்கம்" என்றான். அன்றைக்கு அவ்வளவுதான் பேசினான். மூன்றாவது வாரம், களிமண்ணை உருட்டிக்கொண்டே மிச்சத்தைச் சொன்னான். தாத்தா இறந்த பிறகு அரக்கோணத்து வீட்டின் முன்கதவைப் பூட்டிவிட்டார்களாம். லீவுக்குப் போனால் கொல்லைப்புறமாகத்தான் உள்ளே போகிறார்களாம். தாத்தா உட்காரும் திண்ணைப் பக்கம் இப்போது யாருமே போவதில்லையாம்.

படத்தில் துக்கம் இருந்தது. ஆனால் அது எந்தத் துக்கம் என்று அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கதவில்லாத வீடு என்றால் மூடிய மனம் என்று முதல் நாளே நான் முடிவுகட்டியிருந்தால் அந்தத் திண்ணை எங்கள் பேச்சில் வந்தே இருக்காது. (இந்தக் கட்டுரையில் வருகிறவர்களின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

படம், களிமண் போன்ற கலை வேலைகள் வழியே மனநலச் சிகிச்சை தருவதுதான் ஆர்ட் தெரபி. சென்னையில் பத்து வருடத்துக்கு மேலாக இந்த வேலை செய்கிறேன். பெற்றோர், ஆசிரியர்கள், சில சமயம் கவுன்சலிங் படிக்கும் மாணவர்கள்கூட, ஆர்ட் தெரபியின் கோட்பாடுகளை ஓர் அகராதிபோல நினைக்கிறார்கள். சிவப்பு என்றால் கோபம், கை வரையாவிட்டால் பயம் என்று. "ஃப்ராய்டு அப்படித்தானே சொன்னார்?" என்பார்கள். ஃப்ராய்டு தொடங்கிய, ஆழ்மனதை ஆராயும் உளப்பகுப்பாய்வு வழியில் ஆர்ட் தெரபியை அமெரிக்காவில் வளர்த்தவர் மார்கரெட் நாம்பர்க். ஆழ்மனம் படங்களில் பேசும் என்று உறுதியாக நம்பியவர். அவரே, படத்துக்குச் சிகிச்சையாளர் பொருள் சொல்லக் கூடாது, வரைந்தவர் தானாகக் கண்டுபிடிக்க உதவ வேண்டும் என்றார். எந்த மரபின் பெயரைச் சொல்லி இந்த அகராதி விற்பனையாகிறதோ, அந்த மரபே இதை ஏற்கவில்லை.

அகராதி எண்ணம் பெரும்பாலும் வேறு இடத்திலிருந்து வருகிறது. 1948-இல் ஜான் பக் என்ற உளவியலாளர் வீடு, மரம், மனிதர் வரையச் சொல்லும் ஒரு சோதனையை வெளியிட்டார். அதில் புகைபோக்கிக்கும் புகைக்கும்கூட அர்த்தம் பார்ப்பார்கள். பெரம்பூர் ஃபிளாட்டில் புகைபோக்கி எங்கே இருக்கிறது? நம் பிள்ளைகள் வரைகிற புகைபோக்கி டிராயிங் புத்தகத்திலிருந்து வருவது. அதேபோல, எதையாவது வரை என்றால் நம் ஊர்க் குழந்தைகளில் பாதிப் பேர் 'சீனரி' வரைவார்கள்: இரண்டு மலை, நடுவில் சூரியன், குடிசை, தென்னை மரம், ஆறு, வி போட்டது மாதிரி பறவைகள். அந்தச் சூரியனை வைத்து ஒரு குழந்தையின் மனநிலையைச் சொல்ல முடியாது. அது வகுப்பிலிருந்து வகுப்புக்குக் கைமாறி வரும் படம்.

1967-இல் லோரன் சாப்மன், ஜீன் சாப்மன் என்ற உளவியலாளர் தம்பதி ஒரு சோதனை செய்தார்கள். மனித உருவப் படங்களோடு நோயறிகுறிகளை எந்தத் தொடர்பும் இல்லாமல் சேர்த்து, பயிற்சி இல்லாத மாணவர்களிடம் காட்டினார்கள். கண்ணைப் பெரிதாக வரைந்தவர் சந்தேக குணமுள்ளவர் என்பது போன்ற தொடர்புகளை அந்த மாணவர்கள் "கண்டுபிடித்தார்கள்". அனுபவமுள்ள நிபுணர்களும் அதே தொடர்புகளைத்தான் சொல்லிவந்தார்கள். எதிர்பார்த்ததையே கண் பார்க்கிறது. பயிற்சி பெற்ற கண்ணும் இதற்குத் தப்புவதில்லை என்பதால் எனக்கு இது முக்கியமான ஆய்வு.

இதில் பெரிய ஆபத்தும் உண்டு. ஒரு படத்தை மட்டும் வைத்து, குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது என்றோ நடக்கவில்லை என்றோ சொல்லவே முடியாது. குழந்தை வாய்விட்டு ஏதாவது சொன்னால், குறுக்கு விசாரணை செய்யாமல் கேளுங்கள், நம்புங்கள், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள். படத்துக்கு விளக்கம் கேட்டு நாட்களைக் கடத்தாதீர்கள்.

அடுத்தது, "எந்தத் தியரியாக இருந்தால் என்ன, வரைஞ்சா மனசு லேசாகும்" என்ற எண்ணம். நான் அதிகம் வருந்துவது இதைப் பற்றித்தான். காரணம் நானே செய்த தவறு.

2015 வெள்ளத்துக்குச் சில மாதம் கழித்து முடிச்சூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். அறுபது வயதை ஒட்டியவர். தூக்கமே இல்லை. வாட்டர் கலர் மனதை இளக்கும் என்று பயிற்சியில் கேட்டிருந்தேன். ஈரத் தாளும் தூரிகையும் கொடுத்தேன். பழுப்பு நிறம் தாள் முழுக்கப் பரவியது. அவர் கை அப்படியே நின்றுவிட்டது. "வேணாம்மா, தண்ணி ஏறுது" என்றார். மூச்சு வாங்கியது. தாளை எடுத்துவிட்டு, அவரை நிதானப்படுத்தவே அந்த நேரம் முழுவதும் போனது.

வாட்டர் கலர், ஈரக் களிமண் போன்ற பொருட்கள் உணர்ச்சியைக் கட்டவிழ்த்துவிடும். பென்சில், வெட்டி ஒட்டும் தாள் போன்றவை கைக்கு அடங்கும், பிடிமானம் தரும். யாருக்கு எப்போது எது என்று யோசிக்க உதவுவதுதான் 1978-இல் சாண்ட்ரா கேகினும் வியா லூசபிரிங்கும் முன்வைத்த கோட்பாடு. கலை வேலையில் அசைவும் தொடுஉணர்வும், வடிவமும் உணர்ச்சியும், சிந்தனையும் குறியீடும் என்று மூன்று தளங்கள் உண்டு என்கிறது அது. படைப்பூக்கம் இவற்றில் எங்கும் நிகழலாம். இதைப் படிக்கட்டு என்று நினைத்து, மாவைப் பிசைவது சிறு பிள்ளைகளுக்கு, குறியீடு பெரியவர்களுக்கு என்று பிரிப்பது தவறு. வாசலில் கோலம் போடுகிறவரைப் பாருங்கள். விரலிடுக்கில் மாவின் நெருநெருப்பு, குனிந்து நகரும் உடம்பு, புள்ளி வரிசையின் ஒழுங்கு, சிக்குக் கோலத்தில் கோடு எங்கே போய் முடியும் என்ற கணக்கு, எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கிறது. கோலம் போட்டால் மனம் அமைதியாவது உண்மை. அதற்காகக் கோலமே ஆர்ட் தெரபி ஆகிவிடாது. அங்கே சிகிச்சைக்கான உறவும் நோக்கமும் இல்லை. கலரிங் புத்தகத்துக்கும் இதே பதில்தான்.

அடுத்த வாரம் அந்த அம்மாவிடம் வண்ணத் தாள், கத்தரிக்கோல், பசை கொடுத்தேன். வெள்ளம் எடுத்துப்போன சமையலறை அலமாரியைத் தட்டுத் தட்டாக ஒட்டினார். மேல் தட்டில் ஊறுகாய் ஜாடி, கீழே எவர்சில்வர் டப்பாக்கள், ஓரத்தில் மருமகள் வாங்கித் தந்த மிக்ஸி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொன்னார். முடிக்க நான்கு வாரம் ஆனது.

வியன்னாவில் பிறந்து நியூயார்க்கில் பணியாற்றிய ஆர்ட் தெரபி முன்னோடி எடித் கிராமர், பேசி விளக்குவதைவிட அந்தப் படைப்பை நன்றாகச் செய்து முடிப்பதிலேயே குணமாகும் சக்தி இருக்கிறது என்றவர். நாம்பர்க்கின் கண்ணில் அந்த அலமாரி ஒரு பேச்சு. கிராமரின் கண்ணில் ஒவ்வொரு டப்பாவையும் கச்சிதமாக வெட்டி ஒட்டிய அந்தக் கைதான் சிகிச்சை. இரண்டில் எது சரி என்று மாணவர்கள் கேட்பார்கள். அந்த அம்மாவுக்கு இரண்டுமே தேவைப்பட்டன, வேறு வேறு வாரங்களில். அதற்காக எல்லாவற்றையும் கலந்து கொடுப்பது பரந்த மனம் ஆகாது. இன்று ஏன் இதை எடுத்தேன் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

தீர்ப்புச் சொல்லாமல் ஏற்றுக் கேட்பதை வலியுறுத்திய உளவியலாளர் கார்ல் ராஜர்ஸின் வழியைப் பின்பற்றுகிறவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்றொரு பேச்சும் உண்டு. "சூப்பர்", "அழகா இருக்கு" என்று மதிப்பெண் போடாமல் ஒருவர் வரைவதை ஐம்பது நிமிடம் முழுக் கவனத்தோடு பார்த்துக்கொண்டிருங்கள். அது எவ்வளவு கடினமான வேலை என்று தெரியும்.

சிகிச்சையாளரைத் தேடுகிறவர்கள் தயங்காமல் கேளுங்கள்: எவ்வளவு காலம் பயிற்சி பெற்றீர்கள், உங்கள் வேலையை மூத்தவர் யாராவது மேற்பார்வை செய்கிறாரா, மனநல மருத்துவரிடம் எப்போது அனுப்புவீர்கள், படங்களை எங்கே வைப்பீர்கள், யாருக்குக் காட்டுவீர்கள். முகநூலில் போடுவோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வரைந்தவருடைய சொத்து அது.

முடிச்சூர் அம்மாவின் அலமாரி இரண்டு வருடம் என் பீரோவில் இருந்தது. வீட்டைப் பழுது பார்த்து முடித்த பிறகு ஒரு நாள் வந்து கேட்டார். பழைய நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். ஓரத்தில் ஒரு டப்பாவின் பசை விட்டுப்போயிருந்தது. கையோடு கொண்டுவந்த ஃபெவிக்காலை எடுத்து, என் மேசையிலேயே வைத்து ஒட்டிக்கொண்டு கிளம்பினார்.