காலையில் தேறிய ஊசிமருந்து மாலையில் தேறாமல் போவது ஏன்?

"எலும்பு ஸ்கேனுக்கு ஊசி போட்டார்கள். அந்தக் கதிரியக்கம் உடம்பிலேயே தங்கிவிடாதா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

தங்காது. ஊசியில் இருப்பது டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள். அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் நேரம், 6 மணி. ஒரே நாளில் பதினாறில் ஒரு பங்காகிவிடும். சிறுநீரில் வெளியேறுவது தனிக் கணக்கு. அது சிதைந்து உருவாகும் டெக்னீசியம்-99இன் அரை ஆயுள் சுமார் 2,11,000 ஆண்டுகள் என்றதும் பலர் மிரள்கிறார்கள். மிரளவே வேண்டாம். அதே அணுக்கள் அவ்வளவு நிதானமாகச் சிதைவதால், 740 மெகாபெக்கெரல் ஊசி முழுவதும் மாறினாலும் மிஞ்சுவது இரண்டு, மூன்று பெக்கெரல்தான் (ஒரு பெக்கெரல் என்பது விநாடிக்கு ஓர் அணு சிதைவது; மெகா என்றால் பத்து லட்சம்). நம் உடம்பிலுள்ள பொட்டாசியம்-40 எப்போதும் சில ஆயிரம் பெக்கெரல் தருகிறது.

ஆறே மணி நேரம் என்றால் மருத்துவமனைக்கு எப்படி வந்து சேரும்? தாய்த் தனிமமான மாலிப்டினம்-99தான் வருகிறது; அதன் அரை ஆயுள் 66 மணி. ஈயக் கவசத்துக்குள் இருக்கும் சிறு குழாயில் அலுமினாத் தூள் (அலுமினியம் ஆக்சைடு) அதைப் பிடித்து வைத்திருக்கும். அதில் உப்புநீரை ஓடவிட்டால் டெக்னீசியம் மட்டும் கரைந்து இறங்கும். கறந்த பசுவுக்கு மடி ஊறுவதுபோல, சுமார் 23 மணி நேரத்தில் மீண்டும் உச்ச அளவு சேர்ந்துவிடும். அதனால்தான் தினமும் காலையில் இறக்குகிறார்கள்.

சிக்கல், அலுமினாவின் பிடி நழுவி மாலிப்டினமும் கூடவே இறங்கும்போதுதான். அது பீட்டா கதிர் வீசும், கல்லீரலில் தங்கும், படத்துக்கும் உதவாது. சோதிக்கும் முறை அழகானது: இறக்கிய மருந்துக் குப்பியை ஈயக் கூட்டுக்குள் வைத்து அளக்கிறார்கள். டெக்னீசியத்தின் காமா கதிருக்கு ஆற்றல் 140 கிலோ எலக்ட்ரான்வோல்ட்தான், அதை ஈயம் தடுத்துவிடும்; மாலிப்டினத்தின் கதிருக்கு 740, அது ஊடுருவிவிடும். அமெரிக்க வரம்பு, ஒரு மெகாபெக்கெரல் டெக்னீசியத்துக்கு 0.15 கிலோபெக்கெரல் மாலிப்டினம். இந்த வரம்பு ஊசி போடும் நேரத்துக்குரியது. காலை 8 மணிக்கு 0.05 இருந்தால் தேறியது. இரவு 8 மணிக்குள் டெக்னீசியம் கால்வாசியாகிவிடும். மாலிப்டினமோ 88 சதவீதம் அப்படியே இருக்கும். விகிதம் 0.17ஐத் தாண்டிவிடும்! குப்பியில் யாரும் எதையும் சேர்க்கவில்லை. ஆனாலும் அது இப்போது தகுதியற்றது.

மாலிப்டினத்தைச் சேமித்தும் வைக்க முடியாது. மணிக்கு 1 சதவீதம் சிதைந்து குறைகிறது. அது உருவாவதோ சில அணு உலைகளில். 2009 மே மாதம் கனடாவின் சாக் ரிவர் உலை கசிவால் நின்றது. 2010 பிப்ரவரியில் நெதர்லாந்தின் பெட்டன் உலையும் பழுதுபார்க்க மூடப்பட்டது. பல நாடுகளில் ஸ்கேன்கள் தள்ளிப்போயின. ஒன்று 1957இல் இயங்கத் தொடங்கியது, மற்றது 1961இல். இப்படிப்பட்ட உலைகளுக்கு மாற்று கட்டும் பணத்தை, அவை கசியத் தொடங்கும் முன்பே அரசுகள் ஒதுக்கியாக வேண்டும்.