லேட்டரல் ரீடிங்: அக்கம்பக்க வாசிப்பு

இணையத்தில் கண்ட ஒரு செய்தியை நம்பலாமா என்ற கேள்வி எழுந்தால், அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து மேலிருந்து கீழாகத் துருவுவது ஒரு வழி. அதை அப்படியே விட்டுவிட்டு, புதிய தாவல்களைத் திறந்து, அதை வெளியிட்டவர் யார், அவரைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று தேடுவது இன்னொரு வழி. இரண்டாவதற்குத்தான் 'லேட்டரல் ரீடிங்' என்று பெயர். 'லேட்டரல்' என்பதன் வேர், விலாவையும் பக்கத்தையும் குறிக்கும் 'லாட்டுஸ்' என்ற இலத்தீன் சொல்.

கல்வித்துறையில் இச்சொல் பரவக் காரணம், அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு. உண்மை சரிபார்ப்பவர்கள் 10 பேர், வரலாற்று அறிஞர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர் அதில் பங்கேற்றனர். குழந்தை மருத்துவர்களின் இரண்டு அமைப்புகளுடைய தளங்களைக் காட்டி, எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று 1930-இல் தொடங்கிய பெரிய அமைப்பு. மற்றது அதிலிருந்து 2002-இல் பிரிந்த சிறு குழு. மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சிறு குழுவையே தேர்ந்தெடுத்தனர். தளத்தின் நேர்த்தி, சின்னம், மேற்கோள் பட்டியல் எல்லாம் கண்ணை மறைத்துவிட்டன. வரலாற்று அறிஞர்களிலும் பலர் தடுமாறினார்கள். கையில் உள்ள ஆவணத்தை ஊன்றிப் படிக்கும் பழக்கமே அங்கே இடையூறாகிவிட்டது! சரிபார்ப்பவர்களோ சட்டென வெளியேறித் தேடி, பெரிய அமைப்பே நம்பகமானது என்று கண்டுகொண்டார்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு அதே பல்கலைக்கழகக் குழு உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஒரு படத்தைக் காட்டியது. உருக்குலைந்த டெய்சிப் பூக்கள்; ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தில் வெளியான கதிர்வீச்சின் விளைவு என்று ஒரு வரி. படம் எங்கே எடுக்கப்பட்டது என்பதற்கு அதில் சான்றே இல்லை. ஆனாலும் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் அதை வலுவான ஆதாரம் என்றார்கள். படத்தையே உற்றுப் பார்த்தால் பூவின் கோரம்தான் தெரியும். டெய்சிப் பூ ஏன் இப்படி ஆகிறது என்று வேறிடத்தில் தேடியிருந்தால், கதிர்வீச்சே இல்லாத இடங்களிலும் இப்படிப் பூக்கும் என்பது சில நிமிடங்களில் தெரிந்திருக்கும்.

தமிழில் 'பக்கவாட்டு வாசிப்பு' என்பது நேர் பெயர்ப்பு. பிழையில்லை, ஆனால் கேட்பவருக்கு என்ன செய்யவேண்டும் என்று விளங்காது. 'குறுக்கு வாசிப்பு' என்றால் குறுக்குவழிதான் நினைவுக்கு வரும். 'அக்கம்பக்க வாசிப்பு' என்பதே பொருத்தம் என்பது என் உறுதியான எண்ணம். வரன் வந்தால் மாப்பிள்ளை வீட்டார் சொல்வதோடு யாரும் நின்றுவிடுவதில்லை, அக்கம்பக்கத்தில் விசாரிப்பார்கள். அந்தச் செயல் இந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட விளக்கவுரை தேவைப்படாது.

வினையாகவும் ஆளலாம்: "பகிர்வதற்கு முன் அக்கம்பக்கம் வாசித்தாயா?" இதன் எதிர்ச்சொல்லான 'வெர்ட்டிகல் ரீடிங்' என்பதற்குக் 'கீழ்நோக்கு வாசிப்பு' போதும்.