20 செல்லில் அடங்காத தருமபுரி

‘தருமபுரி பேருந்து நிலையம்’ என்பது அச்சில் 13 எழுத்து. பார்வையற்றோர் விரலால் தடவிப் படிக்கும் பிரெயிலில் அதுவே, நடுவில் வரும் 2 இடைவெளியையும் சேர்த்தால், 25 செல், அதாவது 25 புள்ளிக் கட்டம், பிடிக்கும். திரையில் உள்ள எழுத்தைப் புள்ளிகளாக எழுப்பித் தரும் 20 செல் பிரெயில் டிஸ்ப்ளேயில் விரலை ஓட்டினால் ‘தருமபுரி பேருந்து’ வரைதான் தட்டுப்படும். நிலையத்துக்குப் போக இன்னொரு முறை பட்டனை அழுத்த வேண்டும். முதல் டிஸ்ப்ளே வாங்கும்போது நான் இந்தக் கணக்கைப் போடவில்லை. ஆங்கில விவரக்குறிப்பை மட்டும் படித்துவிட்டு, 20 போதும் என்று வாங்கிவிட்டேன்.

எழுத்து ஏன் இப்படி நீள்கிறது? இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக 1951இல் வகுத்த பாரதி பிரெயிலில் உயிர்மெய்க்கென்று தனி வடிவம் கிடையாது. ‘கி’ என்றால் க ஒரு செல், இ ஒரு செல். ‘கோ’ என்றால் க, ஓ. கொம்பு முன்னால், கால் பின்னால் என்ற தொல்லையெல்லாம் இல்லை. வாய் சொல்லும் வரிசையில் கை படிக்கும். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் ஒரு செல் உண்டு, அது மட்டும் எழுத்துக்கு முன்னால் வந்து நிற்கும். வேடிக்கை என்னவென்றால், கணினியில் யூனிகோட் தமிழைச் சேமிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான்: மெய், பிறகு உயிர்க்குறி. ஆங்கிலத்தில் ‘தி’ போன்ற அடிக்கடி வரும் சொற்களை ஒரே செல்லில் அடக்கும் சுருக்க முறை இருக்கிறது. நாம் பொதுவாக எழுத்து எழுத்தாகத்தான் படிக்கிறோம். அதனால் வெளிநாட்டுக்காரர் 20 செல்லில் படிப்பதைப் படிக்க நமக்கு 30 செல்லாவது வேண்டும் என்பது என் கணக்கு.

சரி, செல் கூடக் கூட விலையும் தாவுகிறதே, ஏன்? அதற்குப் பெட்டியின் உள்ளே போக வேண்டும்.

டிஸ்ப்ளே என்பது விசைப்பலகைக்கு முன்னால் வைக்கும் நீளப் பட்டை. மேலே ஒரே வரிசையில் செல்கள். லூயி பிரெயில் கொடுத்தது 6 புள்ளி. கணினிக்காகக் கீழே 2 சேர்த்து செல்லுக்கு 8 முனைகள். கர்சர் எந்த எழுத்தில் நிற்கிறது என்று காட்ட அந்தக் கீழ் இரண்டும் உதவும். ஒவ்வொரு முனையும் தனித்தனியாக அரை மில்லிமீட்டர் அளவுக்கு எழும்பும், இறங்கும். அதை எழுப்புவது எது என்பதில்தான் விலை இருக்கிறது.

அடுப்படியில் இருக்கும் கேஸ் லைட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ‘டக்’கென்று அழுத்தினால் உள்ளே ஒரு பீங்கான் துண்டு அடிபட்டு, ஆயிரக்கணக்கான வோல்ட் கிளம்பிப் பொறி பறக்கிறது. அழுத்தினால் மின்சாரம் தரும் இந்தக் குணத்தை 1880இல் கண்டவர்கள் ழாக் கியூரி, பியர் கியூரி என்ற அண்ணன் தம்பி. இதைத் திருப்பிப் போட்டாலும் வேலை செய்யும் என்று அடுத்த ஆண்டே உறுதியானது: மின்சாரம் கொடுத்தால் பொருள் நீளும் அல்லது சுருங்கும். நீளுவது கண்ணுக்கே தெரியாத அளவு. அதனால் இரண்டு மெல்லிய பீங்கான் பட்டைகளை முதுகோடு முதுகாக ஒட்டி, ஒன்று நீளும்போது மற்றது சுருங்கும்படி மின்சாரம் கொடுக்கிறார்கள். மாடியில் காயப்போட்ட அப்பளம் ஒரு பக்கம் மட்டும் சுண்டி வளைகிறதே, அதே கதைதான். பட்டையின் ஒரு நுனியை இறுக்கிப் பிடித்திருப்பதால் மறுநுனி மேலே தூக்கும். அதன்மேல் நிற்கும் முனை உங்கள் விரலில் படும்.

இப்படி வளைக்க 200 வோல்ட் வரை தேவை. யூஎஸ்பி தருவது 5 வோல்ட். உள்ளே ஒரு சிறு சுற்று அதை உயர்த்திக்கொள்கிறது. ஓடும் மின்னோட்டம் மிகக் கொஞ்சம் என்பதால் ஷாக் அடிக்குமோ என்ற பயம் வேண்டாம். ஒரு முனைக்கு ஒரு பட்டை. 40 செல் என்றால் 320 பட்டைகள், அத்தனையும் ஒரே சீராக வளைய வேண்டும். விலை லட்சங்களில் நிற்பது இதனால்தான். பட்டைகள் முனைக்குக் கீழே படுக்கைவாட்டில் சில சென்டிமீட்டர் நீண்டு கிடப்பதால், அடுத்த வரிக்கு இடம் கிடைப்பதும் கஷ்டம். பெரும்பாலான டிஸ்ப்ளேக்கள் ஒற்றை வரியோடு நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம். 9 வரி, வரிக்கு 40 செல் கொண்ட கனூட் 360 போன்றவை இந்தப் பீங்கான் வழியை விட்டு வேறு பொறியமைப்பில் ஓடுகின்றன. ஒரு பக்கம் மாற அவை நேரம் எடுத்துக்கொள்ளும்.

விலை குறைந்த ஆர்பிட் ரீடர் 20ம் பீங்கானை விட்டுவிட்டது. அதில் எழும்பிய முனை பூட்டிக்கொள்ளும், அழுத்தினாலும் அமுங்காது. அழுத்தமாகப் படிக்கும் கைக்கு அது நிம்மதி. ஆனால் வரி மாறும்போது கரகர சத்தம் வரும், சற்றுத் தாமதமும் உண்டு. செல்லுக்கு மேலே இருக்கும் கர்சர் பட்டன்களும் அதில் கிடையாது. கதை படிக்க அது குறையே இல்லை. தட்டச்சு செய்து பிழை திருத்துகிறவருக்கு மட்டும் அந்தப் பட்டன் இல்லாமல் ஒரு நாள் ஓடாது. தப்பான எழுத்தின்மேல் விரல் நிற்கும்போதே மேலே ஓர் அழுத்து, கர்சர் அங்கே வந்துவிடும்.

இனி என் மேசைக்கு வருகிறேன். வீடு தருமபுரி, வேலை கிருஷ்ணகிரி. மாங்கூழ் ஏற்றிப் போகும் லாரிகளின் கணக்கு என் பொறுப்பு. “சார், நம்ம வண்டி கெளம்பிடுச்சா?” என்று போன் வரும். ஒரு காதில் அவர். மற்ற காதில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பானைப் பேசவிட்டால் இரண்டுமே புரியாது. டிஸ்ப்ளே இருந்தால் அவர் பேசப் பேச விரல் டிஎன் 24 வண்டிகளைத் தேடிப் பிடித்துவிடும். எண்ணுக்கு முன்னால் வரும் எண் குறியும் தமிழ் ‘ண’வும் ஒரே வடிவம், எது எங்கே என்பது இரண்டே நாளில் பழகிவிடும்.

இன்னொன்று எழுத்துப்பிழை. கணினிக் குரல் ‘பல்லி’ என்றதா ‘பள்ளி’ என்றதா என்று காதால் கண்டுபிடிக்க முடிவதில்லை. விரலுக்கு அந்தச் சந்தேகமே வராது. ‘ல’ என்றால் இடது பக்கம் 3 புள்ளி, ‘ள’ என்றால் வலது பக்கம் 3 புள்ளி. கண்ணாடியில் பார்த்ததுபோல நேர் எதிர். கடையில் டிஸ்ப்ளேயை முதன்முதலில் தொடும்போது இந்த இரண்டு சொற்களைத்தான் அடித்துப் பார்ப்பேன். தமிழ் எழுத்தைப் பிரெயில் புள்ளிகளாக மாற்றும் தமிழ் அட்டவணை ஒழுங்காக வேலை செய்கிறதா, முனைகள் சீரான உயரமா, இரண்டுமே உடனே தெரிந்துவிடும். 2006இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானில் தமிழ் அட்டவணை இருக்கிறது. அமைப்புகளில் அதைத் தேர்ந்தெடுக்க மறந்துவிட்டு டிஸ்ப்ளேயைக் குறை சொல்கிறவர்கள் உண்டு. நானும் ஒரு வாரம் சொன்னேன்.

பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு வந்தால் எந்த டிஸ்ப்ளேயும் காப்பாற்றாது. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்தால் கண்ணுக்குத் தமிழ். உள்ளே இருப்பதோ ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. விரலில் வருவதும் அதுதான். முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

அலுவலகத்துக்கு 40 செல், பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் செல்போனோடு படிக்க 20. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் 40ஐத்தான் எடுப்பேன், கனமாக இருந்தாலும். போனோடு புளூடூத்தில் சேருமா என்று வாங்கும் முன்பே இணைத்துப் பார்த்துவிடுங்கள். ஐபோனில் உள்ள திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவர் டிஸ்ப்ளேயை நேரடியாக ஏற்கும். ஆண்ட்ராய்டின் டாக்பேக்கிலும் 2022 முதல் அந்த வசதி உள்ளேயே வருகிறது. அப்புறம், பழுது பார்க்க எங்கே அனுப்ப வேண்டும், எத்தனை நாள் ஆகும் என்றும் கேளுங்கள். அத்தனை நாளும் உங்கள் மேசை வெறுமையாகக் கிடக்கும்.

பழுது பெரும்பாலும் கை வழியாகத்தான் வரும். வியர்வை, தூசி, எண்ணெய் எல்லாம் முனையைச் சுற்றி இறங்கித் துளைக்குள் படியும். போன மாம்பழ சீசனில் ஆலையில் கொடுத்த பழத்தைத் தின்றுவிட்டு, கையைத் துணியில் மட்டும் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மறுநாள் மூன்றாவது செல்லின் 5ஆம் புள்ளி எழவே இல்லை. ‘ர’வில் அந்த ஒரு புள்ளி போனால் மிஞ்சுவது ‘ல’. பழுது பார்க்க அனுப்பும்வரை மூன்று வாரம் வேலை பார்க்கும் ஊர் விரலுக்குக் ‘கிலுஷ்ணகிரி’.