‘தவறி விழுந்துட்டாங்க டாக்டர்’

கேஷுவாலிட்டிக்கு அடிபட்டு வருகிற யாரிடமும் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி, "எப்படி விழுந்தீங்க?" கூட வந்தவர்கள் சொல்கிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "வண்டியில போகும்போது தவறி விழுந்துட்டாங்க டாக்டர்." அதை அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டுக் காயத்தைப் பார்க்கப் போய்விடுவோம். எங்கள் பேச்சில் அந்தப் பதிவேட்டுக்குப் பெயர் ஏ.ஆர். இருக்கிற அவசரத்தில் அதற்கு மேல் யாரும் துருவிக் கேட்பதில்லை. நானும் பல வருடம் கேட்டதில்லை.

கேட்க ஆரம்பித்தது ஒரு ஐப்பசி மாதக் காலைக்குப் பிறகு. கடலூரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால், மழை கொட்டுகிற ராத்திரியைவிட மழை விட்ட மறுநாள் காலையில்தான் எங்களுக்கு வேலை அதிகம். ராத்திரி ஊரே வீட்டுக்குள் இருக்கும். விடிந்ததும் பால், பள்ளிக்கூடம், சிப்காட் ஷிப்ட் என்று எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். பள்ளங்களில் தண்ணீர் மட்டும் வடியாமல் நிற்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையும் தென்பெண்ணை வெள்ளமும் வந்துபோன பிறகு, வாரக்கணக்கில் அப்படித்தான் இருந்தது.

அன்றைக்கு வந்த அம்மாவுக்கு நாற்பது வயதுக்கு மேல். அவர் யாரென்று தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். கணவரோடு ஸ்கூட்டரில் துறைமுகம் போய் மீன் வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறார். வழியில், குழாய் பதிக்கத் தோண்டி, மண்ணைத் தள்ளி மூடி, மேலே தார் போடாமல் விட்ட ஓர் இடம். ராத்திரி மழையில் அந்த மண் உள்ளே இறங்கிவிட்டது. மேலே தண்ணீர் நிறைந்து ரோட்டோடு ரோடாகத் தெரிந்திருக்கிறது. முன் சக்கரம் இறங்கியதும் கணவர் பிரேக் பிடித்து, காலை ஊன்றி, எப்படியோ வண்டியைச் சாயாமல் நிறுத்திவிட்டார். திரும்பிப் பார்த்தால் மனைவி ரோட்டில் மல்லாந்து கிடக்கிறார்.

கணவருக்கு ஒரு சிராய்ப்புகூட இல்லை. மனைவியின் ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்தபடியே எங்கள் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அந்த அம்மா தெளிவாகப் பேசினார். பின்மண்டையில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீக்கம். ஒருமுறை வாந்தி எடுத்திருந்தார். "ஒண்ணுமில்ல டாக்டர், ஒரு ஊசி போட்டு அனுப்பிடுங்க, மீன் கெட்டுப்போயிடும்" என்றார். சி.டி. ஸ்கேன் எடுத்தோம். அடிபட்டது பின்மண்டையில். ரத்தக் கசிவு இருந்ததோ நெற்றிப் பக்கம்.

பலருக்கு இது விளங்குவதில்லை. மல்லாக்க விழும்போது மண்டை தரையில் மோதி நின்றுவிடும், உள்ளே இருக்கிற மூளை உடனே நிற்காது. அது ஆட்டம் கண்டு, அடிபட்ட பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கமும் கன்றிப்போகும். நெற்றிக்குப் பின்னால் மண்டையோட்டின் அடித்தளம் கரடுமுரடாக இருப்பதால் மூளையின் முன்பகுதிக்குத்தான் சேதம் அதிகம். அதே இடத்தில் சல்லடை மாதிரி ஓட்டைகள் உள்ள மெல்லிய எலும்பு ஒன்று இருக்கிறது. வாசனை நரம்பின் இழைகள் மூக்கிலிருந்து அந்த ஓட்டைகள் வழியாகத்தான் மேலே போகின்றன. இந்த ஆட்டத்தில் அவை அறுந்துபோகலாம்.

மூன்று வாரம் கழித்து மகளோடு வந்தார். "பால் பொங்கித் தீஞ்சு வீடெல்லாம் புகை டாக்டர். அம்மா பக்கத்து ரூம்லதான் இருந்தாங்க, தெரியவே இல்ல" என்றாள் அந்தப் பெண். காபித்தூளை மூக்கருகே நீட்டினோம், ஒன்றும் தெரியவில்லை. அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மீனு வாங்கினா செவுள நிமிர்த்தி, மோந்து பாத்துதான் வாங்குவேன். இப்ப இவரைக் கேக்க வேண்டியிருக்கு" என்று கணவரைக் காட்டினார். சிலருக்கு மாதங்கள் போனபின் வாசனை ஓரளவு திரும்பும், சிலருக்குத் திரும்பாது. அவருக்கு நான் முதலில் சொன்னது, ராத்திரி படுக்கப் போகும் முன் கேஸ் ரெகுலேட்டரை மூடிவிட்டு, வேறொருவரை வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்பதுதான். கேஸ் கசிந்தால் இனி அவர் மூக்கு எச்சரிக்காது.

சாலைப் பள்ளம் என்றதும் நாம் வண்டி ஓட்டுகிறவரைத்தான் நினைக்கிறோம். எங்கள் வார்டில் நான் பார்க்கிற கதை வேறு. ஓட்டுகிறவருக்குப் பள்ளம் கடைசி நொடியிலாவது கண்ணில் படும், ஹேண்டில்பார் கையில் இருக்கும், உடம்பு தன்னால் தயாராகும். பின்னால் உட்கார்ந்தவருக்கு இது எதுவும் இல்லை. அதிலும் ஒருபக்கமாகக் காலைத் தொங்கப்போட்டு, மடியில் பையோ குழந்தையோ வைத்திருக்கிற பெண்ணுக்குப் பிடிக்க ஒரு கைகூட மிச்சம் இருக்காது. சீட் ஒரு தூக்கு தூக்கும், வண்டி முன்னால் போய்விடும், அவர் பின்னால் விழுவார். கையை ஊன்றக்கூட நேரம் கிடைக்காது. ஸ்கூட்டரில் இது இன்னும் மோசம். அதன் சக்கரம் பெரும்பாலும் 10 அல்லது 12 அங்குலம்தான். பைக்கில் 17, 18 அங்குலம் இருக்கும். பெரிய சக்கரம் ஏறிக் கடந்துவிடுகிற பள்ளத்தில் சின்னச் சக்கரம் முழுசாக இறங்கிவிடும்.

ஹெல்மெட் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவு ஓட்டுகிறவருக்கு மட்டுமானதல்ல, நான்கு வயதுக்கு மேல் வண்டியில் பயணிக்கிற எல்லோருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்கிறது. பின்னால் இருப்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்கப் படி, பின் சக்கரத்தில் புடவை சிக்காமல் இருக்கத் தடுப்பு, இவையும் விதிப்படி வண்டியில் இருக்க வேண்டியவை. வண்டி வாங்கிய கையோடு அழகுக்காக அவற்றைக் கழற்றிப் போட்டுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. முடிந்தவரை இரண்டு பக்கமும் கால்போட்டு உட்காருங்கள். முடியாதென்றால், ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும். பை முன்னால் கொக்கியில் தொங்கட்டும்.

விழுந்தவர் எழுந்து பேசுகிறார் என்பதற்காகத் தலையில் ஒன்றுமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவில் ரத்தம் சேருகிறபோது, முதல் சில மணி நேரம் ஆள் நன்றாகவே இருப்பார். சோடா குடிப்பார், போன் பேசுவார், களைப்பாக இருக்கிறது என்று போய்ப் படுப்பார். அப்புறம் எழுப்பினால் எழமாட்டார். தலைவலி கூடிக்கொண்டே போவது, திரும்பத் திரும்ப வாந்தி, பேச்சு குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்வு, வலிப்பு, இயல்புக்கு மீறிய தூக்கம், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் அல்லது ரத்தம் வடிவது, இதில் ஒன்று தெரிந்தாலும் 108-க்குக் கூப்பிட்டுவிடுங்கள். விழுந்தவரை இரண்டு பேர் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்துவது நம் ஊரில் வழக்கமாகவே இருக்கிறது. கழுத்தெலும்பில் அடிபட்டிருந்தால் அந்த ஒரு இழுப்பில் கை கால் விழுந்துவிடக்கூடும். வண்டிகள் வருகிற இடமாக இல்லையென்றால் படுத்தபடியே இருக்கட்டும், தலையும் கழுத்தும் அசையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கிற சாலை விபத்துகளுக்கு, பட்டியலில் உள்ள அரசு, தனியார் மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை கட்டணமில்லாமல் கிடைக்கிறது. காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று தேடிக்கொண்டு நேரத்தைக் கடத்தாதீர்கள்.

வயதானவர்கள் கதை தனி. அவர்கள் விழவே வேண்டியதில்லை, ஒரு குலுங்கல் போதும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாக மெலிகிறது. டவுன் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்திருக்கிற பாட்டி, பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது சீட்டிலிருந்து எகிறி, திரும்பச் சீட்டிலேயே ‘தொப்’பென்று விழுவார். முதுகும் இடுப்பும் சேருகிற இடத்தில் ஒரு முள்ளெலும்பு, அழுத்திய தீப்பெட்டி மாதிரி நசுங்கிவிடும். "வாயுப் பிடிப்பு" என்று வீட்டில் தைலம் தேய்த்து, சுளுக்கு எடுக்கிறவரிடம் காட்டி, ஒரு மாதம் கழித்து எங்களிடம் வருவார்கள். எக்ஸ்ரேயைப் பார்த்தபின் "எங்கயாவது விழுந்தீங்களா பாட்டி?" என்று கேட்டால், "இல்லியே" என்பார். உண்மைதானே, அவர் விழவில்லை. பெரியவர்களை பஸ்ஸின் நடுப்பகுதியில் உட்கார வையுங்கள். குலுங்கியபின் வந்த முதுகுவலி நான்கு நாளில் குறையவில்லை என்றால் தேய்ப்பதை நிறுத்திவிட்டு எக்ஸ்ரே எடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் லேசாகத் தலையில் இடித்துக்கொண்டாலும் கவனம் வேண்டும். இரண்டு மூன்று வாரம் கழித்துக்கூட அவர் நடை தள்ளாடலாம், பேச்சு மாறலாம். வயதாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள்.

சரி, அந்த ஏ.ஆர். விஷயத்துக்கு வருகிறேன். அந்த அம்மாவுக்குச் சான்றிதழ் எழுதுவதற்காகப் பழைய பதிவை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்திலேயே இருந்தது: ‘இருசக்கர வாகனத்திலிருந்து தவறி விழுந்ததாகக் கூறப்படுகிறது.’ தோண்டிய குழி இல்லை, மழைத் தண்ணீர் இல்லை, தார் போடாமல் விட்டது இல்லை. அவர் ஏதோ கவனக்குறைவாக உட்கார்ந்து விழுந்த மாதிரி இருந்தது.

கணவரும் அன்றைக்குப் பள்ளத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஏனென்று அப்புறம்தான் சொன்னார். "போலீஸ்னு போனா என் மேலதான் கேஸ் வரும்னு சொன்னாங்க டாக்டர்." அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. பின்னால் இருந்தவருக்கு அடிபட்டால், அஜாக்கிரதையாக ஓட்டியதாக ஓட்டியவர் பெயரிலேயே வழக்குப் பதிவாவது உண்டு. அதனால் குடும்பத்துக்கு ‘தவறி விழுந்தது’ வசதி. டியூட்டி டாக்டருக்கு அடுத்த நோயாளி காத்திருக்கிறார். குழியை மூடாமல் போனவர்களைப் பற்றிக் கேட்க யாருமே இல்லை.

2013-லிருந்து 2017 வரை சாலைப் பள்ளங்களால் நாடு முழுவதும் 14,926 பேர் இறந்ததாக 2018-இல் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்த கணக்கு சொன்னது. ஏற்றுக்கொள்ளவே முடியாத எண்ணிக்கை என்று நீதிபதிகள் அதிர்ந்தார்கள். இந்த மாதிரிக் கணக்குகள் காவல்துறைப் பதிவுகளிலிருந்து எடுப்பவை. ‘தவறி விழுந்தார்’ என்று முடிந்துபோன ஒருவர்கூட அதில் இருக்கமாட்டார். 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 198ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. சாலையின் வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் உரிய தரத்தைக் கடைப்பிடிக்காததால் ஒருவர் இறந்தாலோ ஊனமுற்றாலோ, பொறுப்பான அதிகாரிக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதைப் பயன்படுத்த நினைக்கிற வக்கீல் முதலில் தேடுவது சம்பவத்தன்று எழுதிய காகிதத்தைத்தான். அதில் பள்ளம் என்ற சொல்லே இல்லையென்றால் அவர் எதை வைத்து வாதாடுவார்?

ஆகவே கேஷுவாலிட்டியில் கேட்கும்போது முழுசாகச் சொல்லுங்கள். எந்த இடம், எத்தனை மணி, சாலையில் என்ன இருந்தது, சக்கரம் எப்படி இறங்கியது என்று சொல்லுங்கள். நாங்கள் எழுதுவது நீங்கள் சொல்வதைத்தான். இரவுப் பணியில் இருக்கும் என் இளைய மருத்துவர்களுக்கும் இதையே சொல்கிறேன். "ரோடு எப்படி இருந்தது?" என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்க அரை நிமிடம் ஆகாது.

புகார் எங்கே கொடுப்பது என்பதில்தான் பலர் சோர்ந்துபோகிறார்கள், ஒரே ஊருக்குள் சாலைகளுக்கு முதலாளிகள் பல பேர் என்பதால். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. மாநில நெடுஞ்சாலைத் துறைச் சாலை என்றால் ‘நம்ம சாலை’ செயலியில் படத்தோடு அனுப்பலாம். தெருக்கள் மாநகராட்சியுடையவை, கிராமப்புறத்தில் ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம். யாருடையது என்று தெரியாவிட்டால் முதல்வர் உதவி எண் 1100, அல்லது கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம். இடைப்பட்ட நாளில் பள்ளத்தில் செங்கல் துண்டும் ஜல்லியும் கொட்டுகிறார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள், ஆனால் அந்தக் கற்கள் சிதறி, டூவீலர் சறுக்கி விழுந்தவர்களையும் நான் தைத்திருக்கிறேன். ஒரு மரக்கிளையை நட்டு, தூரத்திலேயே தெரிகிற மாதிரி சிவப்புத் துணி கட்டிவிடுவது மேல்.

அந்த அம்மாவின் ஏ.ஆர். பதிவில் இருந்ததை நான் அழிக்கவில்லை, அழிக்கவும் கூடாது. கணவர் மறுபடி சொன்ன விவரங்களைச் சான்றிதழில் தேதி போட்டுத் தனியாக எழுதிக் கொடுத்தேன். "பள்ளம்னு எழுதலாமா டாக்டர்? தப்பில்லையே?" என்று இரண்டு தடவை கேட்டார். அன்று சாயங்காலமே அந்த இடத்துக்குப் போய், குழியின் ஆழம் தெரியட்டும் என்று மனைவியின் அந்தச் செருப்பை ஓரத்தில் செங்குத்தாக நிறுத்திப் படம் எடுத்திருக்கிறார். அடுத்த திங்கட்கிழமை மனுவோடு அதையும் வைத்துக் கொடுத்தார். ரசீது எண்ணை என் சான்றிதழின் பின்பக்கம் பேனாவால் எழுதி வைத்திருந்ததை, அடுத்தமுறை வந்தபோது காட்டினார்.